ஊசி முடியும் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே வைக்கலாமா?

மதுரையில் மூன்றாவது மாடி வீடு. 45 நாளில் கொண்டுவந்த சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு இப்போது 60 நாள். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகிறது. "நாலு மாசம் வரைக்கும் வெளியே கொண்டுபோகாதீங்க" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "நாலு பேரிடம் பழகவிட்டால் காவலுக்கு உதவாது" என்று உங்கள் மாமனார் சொல்கிறார். குட்டியோ குக்கர் விசில் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறது. சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்து நடுங்கி அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டது. யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

மருத்துவர் சொன்னதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: குட்டியின் கால் தெருத்தரையில் படக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அதன் கண்ணும் காதும் மூக்கும் இன்றைக்கே வெளியே போகவேண்டும். தூக்கிக்கொண்டு போங்கள். மாமனார் சொல்வதற்குப் பிறகு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அதையேதான் நம்பினோம், அதன் விலையை ஒரு நாய் கொடுத்தது.

குட்டிக்கு இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒன்று மனசின் கணக்கு. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும் எதைப் பார்த்தாலும் "சரி, இதுவும் இருக்கிற ஒன்றுதான்" என்று குட்டி ஏற்றுக்கொள்ளும். அதன்பிறகு புதிதாக எது வந்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 1961-ல் வெளியிட்டார்கள். குட்டிகளை வேலி போட்ட ஒரு வெளியில் தாயோடு விட்டு, மனிதர் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரே ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு இருக்கவிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வார வயதுக்குள் அந்த ஒரு வாரம் கிடைத்த குட்டிகள் மனிதரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை யாரையும் காணாத குட்டிகளோ, பிறகு எத்தனை பாடுபட்டும் காட்டு விலங்கைப்போல ஒதுங்கியே நின்றன. ஒரு வாரம்தான் வித்தியாசம். உங்கள் குட்டி இப்போது ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறது.

இன்னொன்று உடம்பின் கணக்கு. குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தபேதியும் வரவைத்து உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகமெங்கும் பரவியது. நோய்வாய்ப்பட்ட நாயின் மலத்தில் வெளிவந்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில், வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரங்கள் காக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே சக்திதான் நாம் போடும் ஊசி வேலை செய்வதையும் தடுக்கிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவில் அது மிச்சமிருக்கும் காலம்தான் ஆபத்தானது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் சில வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். நடுவில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு "இரண்டு போட்டாச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்புக்கு முழுப் பாதுகாப்பு வரும்போது வயது நாலு மாதத்தைத் தாண்டிவிடும். மனசின் கதவு அதற்கு முன்பே சாத்திக்கொள்ளும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-லேயே இதைப் பற்றித் தெளிவாக எழுதியது. முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆகி, வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், ஏழு எட்டு வாரத்திலேயே குட்டிகளைப் பழக்கும் வகுப்பைத் தொடங்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூன்று வயதுக்குட்பட்ட நாய்கள் சாவதற்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறே பெரிய காரணம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சாவுக்கு வேறு உருவம். "தோட்டத்தில் கொண்டுபோய் விட்டாச்சு" என்பார்கள், அல்லது ஆயுசு முழுக்கச் சங்கிலி.

எங்கள் செவலைக்கு நடந்தது இரண்டாவது. கோவில்பட்டிப் பக்கமிருந்து அப்பா கொண்டுவந்த சிப்பிப்பாறை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெளியாள் முகமே காட்டாமல் ஐந்து மாதம் கொல்லையில் வளர்த்தோம். ஒன்றரை வயதில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்த சித்தப்பாவின் தொடையைக் கடித்துவிட்டது. அன்றைக்குக் கட்டிய சங்கிலியை அப்புறம் அவிழ்க்கவே இல்லை. ஒன்பது வருடம் ஆறடி வட்டத்துக்குள் வாழ்ந்து செத்தது. அது பொல்லாத நாய் இல்லை, பயந்த நாய். கடிக்கும் முன்பு எத்தனையோ நாள் அது பயத்தைக் காட்டியிருந்தது, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அமெரிக்கச் சங்கம் சொல்வதை நம் தெருவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஊசி போடாத தெருநாய்கள் நடமாடும் மண்ணில் பார்வோவும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயும் எந்த மூலையிலும் இருக்கலாம். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வேறு. ஆகவே கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெரு, பூங்கா, தெருநாய்கள் படுக்கும் கீழ்த்தள வண்டி நிறுத்துமிடம் எதிலும் குட்டியை இறக்கவேண்டாம். இதில் பலர் கோட்டைவிடும் இடம் மருத்துவமனைத் தரை. நோய் வந்த நாய்களும் அங்கேதான் வருகின்றன. குட்டி உங்கள் மடியிலேயே இருக்கட்டும், பரிசோதனை மேசையில் உங்கள் துண்டை விரித்து நிறுத்துங்கள். செருப்பிலும் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது, ஆனால் அந்தச் செருப்பைக் குட்டி கடிக்காமல் உயரத்தில் வையுங்கள். வெளியே நாய்களைத் தொட்டுவிட்டு வந்தால் கைகால் கழுவிவிட்டு, உடுப்பை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். தரையைச் சுத்தம் செய்யச் சாதாரண ஃபினாயிலை நம்பவேண்டாம், பார்வோ அதற்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிக் காய்ந்தபிறகு குட்டியை விடலாம்.

இவ்வளவு கவனத்துக்கு நடுவிலும் ஒருநாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, நாற்றமடிக்கும் இரத்தபேதி போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, தூக்கிக்கொண்டு எங்கே போவது? உங்கள் கட்டடத்திலேயே பாதி உலகம் இருக்கிறது. முதல் நாள் வீட்டு வாசலில், படிக்கட்டுப் பக்கம் பத்து நிமிடம் உட்காருங்கள். யாரோ ஏறுவார்கள், எதிர்வீட்டில் மிக்சி ஓடும், லிஃப்ட் கதவு சாத்தும். மறுநாள் மொட்டை மாடி. தெருநாய் ஏறாத மாடி என்றால் அங்கே தாராளமாக இறக்கிவிடலாம். காயும் துணி காற்றில் அடிப்பது, காக்கை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் எல்லாம் அதற்குப் புதுசு. அடுத்து காவலாளி உட்காரும் கேட். பிறகு எதிர்ச்சாரி டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு திண்ணை. ஒரு நாள் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி வரை போய், பேருந்துகள் தெரிகிற தூரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டி அதன் வாரை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள், சிப்பிப்பாறை துள்ளினால் கையில் நிற்காது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கெல்லாம் தூக்கிப் போய்விடாதீர்கள். நிறையக் காட்டினால் நிறையப் பழகும் என்று நினைப்பதுதான் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தப்பு. பயந்துபோய்ப் பார்த்த ஒவ்வொன்றும் எதிர்க்கணக்கில்தான் சேரும்.

குட்டி நிம்மதியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி தீனிதான். வேகவைத்த கோழியைப் பாதி வேர்க்கடலை அளவுக்குக் கிள்ளி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தைப் பார்த்துவிட்டு உங்கள் கையைப் பார்த்து வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரியான தூரம். மூக்கருகே வைத்தும் வாங்கவில்லை என்றால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். பேசாமல் பின்னால் நகருங்கள். வெறும் வாயை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்காலை மடக்கித் தூக்கியபடி உறைந்துபோவது, இதெல்லாம் "போதும்" என்று அது சொல்லும் விதம். வாலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிப்பிப்பாறையும், கன்னி என்ற நம் ஊர் வேட்டைநாயும் சும்மா நிற்கும்போதே வாலைத் தொங்கவிட்டு நிற்கும் ஜாதி. லாப்ரடார் வளர்த்தவர்கள் அதைப் பயம் என்று நினைப்பார்கள், பயத்தைச் சாது என்றும் நினைப்பார்கள்.

அதேபோல, ஆடாமல் அசையாமல் மடியில் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். உடம்பு விறைத்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று கையில் தெரியும்.

குக்கருக்கு வருவோம். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே போடாதீர்கள், அடுப்பருகே கொண்டுபோய் "பார், ஒன்றுமில்லை" என்று காட்டவும் வேண்டாம். விசில் சத்தத்தைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். குட்டி விளையாடும் நேரத்தில், காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்குச் சின்னதாக ஒலிக்கவிட்டு உடனே ஒரு துண்டு கோழி கொடுங்கள். சத்தம் முதலில், கோழி பிறகு. இந்த வரிசை மாறினால் கோழியைக் கண்டாலே விசிலை நினைத்துப் பயப்படும். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை போதும். விசில் கேட்டதும் உங்கள் முகத்தைத் தேடினால் சத்தத்தை ஒரு படி ஏற்றலாம். அதற்கிடையில் நிஜமாகச் சமைக்கும்போது குட்டியைத் தள்ளி உள்ள அறையில் கடிக்க ஏதாவது கொடுத்து விடுங்கள். பயந்து ஓடி உங்களிடம் வந்தால் தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. இதே முறையில் இடி, சாவு மேளம், வெடி எல்லாவற்றையும் இப்போதே மெல்ல அறிமுகப்படுத்தலாம். தீபாவளி வந்தபிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

மனிதர்கள் விஷயத்தில் முதலில் நீங்கள் கற்கவேண்டியது மற்றவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்வது. குட்டியைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளவும் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கவும் எல்லாருக்கும் ஆசை. பழக்குவது என்றால் எல்லாரும் தொடுவது என்று அர்த்தம் இல்லை. வருகிறவர் தரையில் பக்கவாட்டாக உட்காரட்டும், கண்ணை உற்றுப் பார்க்கவேண்டாம், தலைக்கு மேல் கையை நீட்டவேண்டாம். குட்டி தானாகக் கிட்டே வந்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி சொறிந்துவிட்டு நிறுத்தட்டும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே ஒட்டிக்கொள்ளும், விலகினால் விட்டுவிடவேண்டும். சிலிண்டர்க்காரர் அடுத்தமுறை வரும்போது குட்டியை ஹாலின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் உருளும் சத்தம் முழுக்கக் கோழி விழட்டும். அவர் குட்டியைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஹெல்மெட், குடை, மழைக்கோட்டு, கைத்தடி, தாடி என்று உருவம் மாறி மாறி வரும் மனிதர்களைப் பார்க்கட்டும். வீட்டில் நீங்களே குடையை மெல்ல விரித்து மூடிக் காட்டலாம். பிள்ளைகள் வந்தால் உட்கார்ந்துதான் விளையாடவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும், தூங்கும் குட்டியையும் தின்னும் குட்டியையும் தொடக்கூடாது. பல் பட்டோ நகம் பட்டோ தோல் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். குட்டிக்கு வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். "வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடும் விஷயம் இல்லை இது.

குட்டி 45 நாளிலேயே வந்துவிட்டது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி சொல்கிறது, ஆனால் நம் ஊரில் "45 நாள் குட்டி" என்பது வியாபார வார்த்தையாகவே நிலைத்துவிட்டது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு புரண்டு சண்டை போட்டுத்தான் கற்கிறது. அதை இனி நீங்கள்தான் கற்றுத்தரவேண்டும். அழுத்திக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து விடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு பொம்மையோடு திரும்புங்கள். வாயில் அடிக்கவேண்டாம். ஊசி எல்லாம் போட்ட, சாதுவான, வயதுவந்த நாய் உறவினர் வீட்டில் இருந்தால் வாரம் இரண்டு முறை அங்கே கூட்டிப்போங்கள். அது லேசாக உறுமிக் குட்டியை ஒதுக்கினால் ஒதுக்கட்டும், அது நல்ல ஆசிரியர். குட்டி ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் போனால் மட்டும் பிரித்துவிடுங்கள். சிப்பிப்பாறை முயல் துரத்திய பரம்பரை என்பதால், ஆடு, கோழி, பூனை ஓடுவதை மடியில் இருந்தபடியே பார்த்து உங்களிடம் தீனி வாங்கும் பழக்கம் இப்போதே வரவேண்டும். துரத்தும் ஆசை அதனால் அடியோடு போய்விடாது, ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

காது, வாய், பாதம், நகம் இவற்றைத் தினமும் ஒருமுறை தொட்டு ஒரு துண்டு கொடுங்கள். தினம் சில நிமிடம் தனி அறையில் இருக்கவும் பழக்குங்கள்.

இனி மாமனார். சிப்பிப்பாறைக்கு அந்நியரைக் கண்டால் ஒதுங்கும் குணம் ரத்தத்திலேயே உண்டு, அதை யாரும் ஊட்டவேண்டியதில்லை. காவல் புத்தி ஒரு வயதுக்கு மேல் தானாக வரும். ஆனால் காவல் என்றால் வழக்கத்துக்கும் வழக்கமில்லாததற்கும் வித்தியாசம் தெரிவது. விடியற்காலை பால்காரர் காலடி எது, மாடிக்குத் தண்ணீர் திறக்கப் போகிறவர் காலடி எது என்று தெரிந்த நாய், இரவு இரண்டு மணிக்குத் தெரியாத காலடி கேட்டால் குரைக்கும்; வீட்டில் எல்லோரும் எழுந்து பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் பயப்படும் நாய் நாள் முழுக்கக் குரைக்கும், ஒரு வாரத்தில் அதன் குரல் வீட்டாருக்குக் காதிலேயே விழாது. இதை வாதமாகச் சொல்லாமல் அந்தக் கோழி டப்பாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாலையில் வாசலில் அவர் மடியில் குட்டி இருக்கட்டும். செவலை கதையையும் வேண்டுமானால் சொல்லுங்கள்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து முதல்முறை தெருவில் இறக்கும் நாளில், தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். காலை ஆறு மணிக்குள் போங்கள். நடை தூரம் முக்கியம் இல்லை, வாசல் மின்கம்பத்தையே பத்து நிமிடம் மோந்துகொண்டிருந்தால் இருக்கட்டும். தெருநாய் வந்தால் குட்டியைத் தலைக்கு மேல் தூக்காமல், அதற்கும் குட்டிக்கும் நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, மெதுவாக வந்த வழியே திரும்பிவிடுங்கள்.